முறைக்காய்ச்சலும் கணக்குப் பரீட்சையும்

பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்தில் நான் ஒருத்திதான் பெண். எங்கள் போடியில் அப்போது பெண்களுக்கென்று ஹைஸ்கூல் கிடையாது. ஆண்பிள்ளைகள் பள்ளியிலேயே, வாத்தியார் மேஜைக்குப் பக்கவாட்டில் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்திருந்தார்கள். மூன்றாவது பெஞ்சில் என் அண்ணன் இருந்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். முந்தைய வருஷமே பரீட்சைக்குப் போயிருக்க வேண்டியவன். கணக்கில் தேறமாட்டான் என்று பள்ளிக்கூடத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அதனால் நான் அவனை எட்டிப் பிடித்தேன். அதில் அவனுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அவனுக்கு எதிலுமே பெரிய வருத்தம் கிடையாது. அதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும்.

எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் பாஸ் செய்வது வேறு, 'எலிஜிபிள்' ஆவது வேறு. இன்ன பாடத்துக்கு இன்ன மார்க் என்று ஒரு அளவு உண்டு. அதற்கு மேல் வாங்கியவர்களைத்தான் காலேஜில் சேர்ப்பார்கள். எனக்கு அது வரும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எனக்கு மட்டும் வந்து பிரயோசனம் இல்லை. அப்பா முதலிலேயே சொல்லிவிட்டார்.

"நீ படிக்கிறவதேன், இல்லேங்கல. ஆனா ஒத்தப் பொம்பளப் பிள்ளைய மதுரையில கொண்டுபோயி விட்டுட்டு நான் இங்கன எப்பிடித் தூங்குறது? அண்ணனும் அங்கன ஒரு காலேசுல இருந்தான்னா ஞாயித்துக்கெழம வந்து பாப்பான், லீவுக்குக் கூட்டியாருவான். போறதுன்னா ரெண்டு பேரும் போங்க. இல்லைன்னா இல்ல ஆத்தா."

ஆக, நான் காலேஜுக்குப் போக வேண்டுமென்றால் என் அண்ணன் கணக்கில் தேற வேண்டும். அந்த வருஷம் முழுக்க எனக்கு வேறு யோசனையே கிடையாது.

அப்பாவுக்குக் கடைவீதியில் கம்பளிக் கடை. மேலே ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் கம்பளி, குடை, அரிக்கேன் விளக்கு எல்லாம் அங்கேதான் வாங்குவார்கள். உலகச் சண்டைக்காகச் சர்க்கார் எங்கள் ஊர் ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போன பிறகு சரக்கு வரத்து குறைந்துபோனது. காய்ச்சல் மட்டும் குறையாமல் வந்தது. மலைக்குப் போனவர்கள் அதைக் கீழே கொண்டுவந்தார்கள் என்பார்கள். மலைக்காரர்களோ, கீழே வயலில்தான் கொசு என்பார்கள். எங்கிருந்து வந்தால் என்ன, அந்த மார்கழியில் எங்கள் வீட்டுக்கும் வந்தது.

ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற முறைக்காய்ச்சல். அண்ணனுக்கு ஒருநாள், எனக்கு மறுநாள். காலையில் ஒன்றும் இருக்காது. உச்சிப்பொழுதில் முதுகுத்தண்டில் குளிர் ஏறும், பல் கிட்டும், பிறகு அனலாகக் கொதிக்கும், பொழுது சாய்ந்ததும் வேர்த்து விட்டுவிடும். மறுநாள் நல்ல மனுஷி. இப்படி முறை வைத்து வந்ததால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கம்பளி போதுமாக இருந்தது. கடை நிறையக் கம்பளி இருக்கிற வீட்டில் ஒரே கம்பளிக்கு இரண்டு பேர் என்று அம்மா சிரித்தார். முதல் மாசம் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது.

கணக்கு வாத்தியார் கோம்பைக்காரர். கோம்பை நாய் கவ்வினால் விடாது என்பார்கள். பையன்கள் அவரைப் பற்றியும் அதையே சொல்வார்கள். பழைய கேள்வித்தாள்களை வைத்துக்கொண்டு, ஒரே கணக்கை விதவிதமாக மாற்றி, கை தானாகப் போடும்வரை விடமாட்டார். விடிந்ததும் அவர் தனி வகுப்பு. எங்கள் இருவருக்கும் அது வசதி, உச்சிப்பொழுதுக்கு முன் முடிந்துவிடும். வகுப்பில் பாதிப் பேருக்கு முறைக்காய்ச்சல்தான். யாருக்கு என்றைக்குக் காய்ச்சல் நாள் என்பது அவருக்கு மனப்பாடம். "இன்னைக்கு உன் நாளா? அப்ப அல்ஜீப்ராவ இப்பவே முடிச்சுட்டு ஓடு" என்பார்.

மத்தியானத்துக்குப் பிறகு அண்ணனுக்கு நான்தான் வாத்தியார். அவன் நன்றாக இருக்கும் நாளில் நான் நடுங்குவேன். நான் நன்றாக இருக்கும் நாளில் அவன் நடுங்குவான். இரண்டு பேரும் சேர்ந்து நன்றாக இருக்கிற சாயங்காலம் என்று ஒன்று எங்களுக்குக் கிடையாது. என் நாளில் நான் கம்பளிக்குள் இருந்தபடியே ஜியாமெட்ரி சொல்லிக்கொடுப்பேன். சிலேட்டில் வட்டம் போட்டால் கை உதறி அது எங்கெங்கோ போகும்.

"வட்டமா புள்ள இது? சீனிக்கிழங்கு கணக்கா இருக்கு" என்பான் அண்ணன்.

"கிழங்கோ வட்டமோ, தொடுகோடு ஒரு இடத்திலதேன் தொடும். ஏன்னு சொல்லுண்ணே."

அவன் சொல்வான். முதலில் தப்பாக, பிறகு பாதி சரியாக, பிறகு சரியாக. மாசி பிறந்தபோது என்னைக் கேட்காமலே தேற்றங்களை எழுதினான். எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று இப்போது யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. அந்த மாசங்களில் எனக்குள் எல்லாமே மரத்துப் போயிருந்தது. அடுத்த கணக்கு என்ன, அடுத்த நாள் யார் நாள், அவ்வளவுதான்.

பரீட்சைத் தேதி வந்ததும் நான் முதலில் செய்த காரியம், காய்ச்சல் நாட்களை அதன் மேல் வைத்துப் பார்த்ததுதான். எல்லாமே உச்சிப்பொழுதுக்கு மேல்தான். திங்கள் இங்கிலீஷ், செவ்வாய் தமிழ், புதன் கணக்கு, வியாழன் சயன்ஸ், வெள்ளி சரித்திரமும் பூகோளமும். திங்கள், புதன், வெள்ளி அண்ணனுடையவை. செவ்வாயும் வியாழனும் என்னுடையவை. தமிழும் சயன்ஸும் நான் குளிரிலேயே எழுதிவிடுவேன். அண்ணனோ கணக்கை நல்ல உடம்போடு எழுதுவதே பெரும்பாடு. பல் கிட்டிக்கொண்டு அவன் என்ன எழுதுவான்?

கொயினா மாத்திரை தின்றால் காய்ச்சல் நின்றுவிடும். அதற்கு முன்பெல்லாம் தபாலாபீஸிலேயே பொட்டலமாக விற்பார்கள். கொயினா மரம் விளைகிற ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்ததோடு அது போயிற்று. அப்பா எங்கெங்கோ சொல்லிவைத்து, கடைசியில் மேலேயிருந்து ஒரு தோட்டத்துக் கம்பவுண்டர் சின்னப் புட்டியில் மாத்திரை கொண்டுவந்தார்.

"ஒரு ஆளுக்குத்தேன் காணும் முதலாளி. பங்கு போட்டுக் குடுத்தீகன்னா யானப் பசிக்குச் சோளப்பொரி. ரெண்டு பேருக்கும் நிக்காது" என்றார்.

அவர் போன பிறகு அப்பா புட்டியை உள்ளங்கையில் கவிழ்த்து மாத்திரைகளை எண்ணினார். அம்மா அடுப்படி வாசலில் நின்றார். பிறகு அப்பா என்னைப் பார்த்து, "நீயே சொல்லு ஆத்தா. உனக்குத்தேன் தெரியும்" என்றார்.

"அண்ணனுக்குக் குடுங்கப்பா" என்றேன்.

இதை நான் சொல்லும்போது சிலர் தியாகம் என்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. தியாகமும் இல்லை, பாசமும் இல்லை. அவன் தேறாவிட்டால் எனக்கு மதுரை இல்லை. காய்ச்சலோடும் நான் தேறிவிடுவேன், அவன் தேறமாட்டான். மாத்திரை யாருக்கு என்பது கோம்பை வாத்தியார் கொடுக்கிற கணக்கில் மிகச் சுலபமான கணக்கு. கணக்கும் சரியாகத்தான் வந்தது. அதுதான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியாதது.

கொயினா தின்றதும் அண்ணனுக்குக் காய்ச்சல் நின்றது. காது மட்டும் வண்டு குடைகிற மாதிரி இரைகிறது என்றான். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் தேனி வழியாகப் பெரியகுளம் போய், எங்கள் சர்ச் உபதேசியார் ஒருவர் வீட்டில் தங்கிப் பரீட்சை எழுதினோம். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பஸ் நின்று மூச்சு வாங்கியது.

செவ்வாய்க்கிழமை தமிழ்ப் பரீட்சைக்கு நான் கம்பளியோடு போனேன். கண்காணிக்க வந்த சாருக்குச் சந்தேகம், உள்ளே காகிதம் ஏதும் இருக்குமோ என்று. பெண்பிள்ளையைச் சோதனை போடவும் அவருக்குக் கூச்சம். கடைசியில் பெருக்குகிற அம்மாவைக் கூப்பிட்டுக் கம்பளியை உதறச் சொன்னார். அதிலிருந்து ஒரு அந்துப்பூச்சி பறந்தது. ஹாலே சிரித்தது. நான் போர்த்திக்கொண்டு எழுதினேன். என்ன எழுதினேன் என்று சாயங்காலம் அண்ணன் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுதினது என் கைதான்.

புதன்கிழமை அண்ணன் கணக்கு எழுதினான். காது இரைச்சலில் கடைசி மணி அடித்ததே அவனுக்குக் கேட்கவில்லையாம். "பேப்பரக் கையிலருந்து பிடுங்கிட்டாக புள்ள. ஆனா அதுக்குள்ள எல்லாம் போட்டுட்டேன்" என்றான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

கோடையில் ரிசல்ட் வந்தது. இரண்டு பேரும் எலிஜிபிள். கணக்கு வாத்தியார் கடைக்கே வந்து, அண்ணன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, அப்பா கொடுத்த கம்பளியை வாங்கிக்கொண்டு போனார். அம்மா எனக்கு இரண்டு சேலை எடுத்தார். பித்தளைப் பூட்டுப் போட்ட தகரப்பெட்டி எனக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று. என் பெட்டியை நானே அடுக்கினேன், எடுத்துவிட்டுத் திரும்பவும் அடுக்கினேன். அந்த வாரம் மட்டும் மரப்பு விட்டிருந்தது. பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மதுரையில் முதலில் அண்ணனை ஒரு காலேஜில் சேர்த்தோம். பிறகு பெண்கள் காலேஜுக்குப் போனோம். மார்க்கைப் பார்த்து அங்கே இருந்த அம்மாள் சந்தோஷப்பட்டு, ஹாஸ்டலில் சேர டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். டாக்டரம்மா மலையாளத்துக்காரர். படுக்க வைத்து, இடது விலாவுக்குக் கீழே விரலால் அழுத்தினார். திரும்பவும் அழுத்தினார்.

"எத்தனை நாளாய்க் காய்ச்சல்?"

"மார்கழியிலிருந்து."

"உள்ளே இவ்வளவு பெரிய கட்டி இருக்கிறதே. கொயினா சாப்பிடவில்லையா?"

அப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். மண்ணீரல் இப்படி வீங்கியிருக்கும்போது ஹாஸ்டலில் சேர்க்க முடியாது, வைத்தியம் பார்த்துக்கொண்டு அடுத்த வருஷம் வா, இடம் தருவார்கள் என்றார் டாக்டரம்மா. கோபமாகச் சொல்லவில்லை. என் தலையைத் தொட்டுத்தான் சொன்னார்.

கேட்டுக்கு வெளியே அண்ணன் புதுச் சட்டையோடு என் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். விஷயத்தைக் கேட்டு அழுதான். நான் அழவில்லை. எனக்கு மறுபடியும் மரத்துவிட்டது. ஹாஸ்டலில் குளிரும் என்று நாங்கள் இருவரும் போர்த்திக்கொண்ட அந்தக் கம்பளியை அவனிடம் கொடுத்தேன். என் பெட்டியை அப்பா பஸ்ஸில் ஏற்றினார். வீட்டில் அம்மா, "சாமி வரங்குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டேங்கிறானே" என்றார். நாங்கள் வேதக்காரர்கள்தான், பூசாரியிடம் போகாத கிறிஸ்தவர்கள். ஆனாலும் அந்த இடத்தில் சொல்ல எங்களுக்கும் வேறு வார்த்தை இல்லை.

ஆவணியில் கொயினாவுக்குப் பதிலாக மஞ்சள் மாத்திரை வந்தது. கண்ணும் தோலும் மஞ்சளாகும்வரை தின்றேன். காய்ச்சல் நின்றது. கட்டியும் மெல்லக் கரைந்தது. பெட்டியில் அடுக்கிய சேலைகளை நான் வெளியே எடுக்கவில்லை. ஒரு வருஷம்தானே.

அடுத்த கோடையில் அண்ணன் லீவுக்கு வந்தான். பெட்டியோடும் படுக்கையோடும் வந்தான். பஸ் கூரையிலிருந்து அவை இறங்கும்போதே அப்பாவின் முகம் மாறியது.

"எனக்கு அது ஒத்து வரலப்பா. நான் கடையிலயே இருந்துக்கிறேன்" என்றான். வருத்தமில்லாமல்தான் சொன்னான்.

அப்பா என்னைப் பார்க்காமல், "அப்பறம் அங்கன உனக்குத் தொணைக்கு யாரு ஆத்தா இருக்கா?" என்றார்.

நான் படுக்கையைப் பிரித்தேன். அந்தக் கம்பளி உள்ளே இருந்தது. உச்சிப்பொழுது. காய்ச்சல் வந்தாலாவது அதைப் போர்த்திக்கொண்டு சாயங்காலம்வரை சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கொஞ்சநேரம் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். குளிர் வரவில்லை. எனக்குத்தான் நன்றாகக் குணமாகிவிட்டதே. எழுந்துபோய் அண்ணனுக்குச் சோறு போட்டேன்.