ஆரஞ்சு வராத அடீனியம்

அம்பத்தூர் எஸ்டேட் ஃபேக்டரி ஒன்றில் முப்பது வருடம் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஒரு மயிரிழை கூடினாலும் ரிஜெக்ட்தான், இரக்கமே கிடையாது. அந்தத் திமிரோடுதான் ரிட்டயர் ஆனதும் மொட்டைமாடியில் புது நிறத்தில் அடீனியம் பூச்செடி உண்டாக்கக் கிளம்பினேன்.

மஞ்சள் பூ தாய், அடர்சிவப்பு தகப்பன். மெல்லிய பிரஷ்ஷால் நானே மகரந்தம் வைத்தேன். காய் வெடித்து விதை பறந்துவிடாமல் வலைத்துணி கட்டினேன். மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தால் ஆரஞ்சுதானே? பெயிண்ட் டப்பா கணக்கைச் செடிக்குப் போட்ட மேதை நான்.

அறுபது தொட்டி ஆயிற்று. துணி காயவைக்க இடமில்லாமல் என் மனைவி கொதித்துப்போனாள்.

“இன்னாய்யா இது, ஊடா நர்சரியா? ஆரஞ்சு வரலன்னா அத்தினியும் கீழ எறங்கணும், சொல்ட்டேன்.”

“வரும் பாரு” என்று மார்தட்டினேன். ஒன்றரை வருடம் மார்தட்டியது நான். தண்ணீர் ஊற்றியது பெரும்பாலும் அவள்.

பூத்தன. முதலாவது ரோஸ். அடுத்ததும் ரோஸ். பூந்தமல்லி ரோட்டில் எந்த நர்சரி வாசலிலும் நிற்கிற அதே ரோஸ். ஒன்றை வெயிலில் சாய்த்துக் காட்டி, “லேசா ஆரஞ்சு அடிக்குதில்ல?” என்றேன்.

“மொதல்ல கண்ண டெஸ்ட் பண்ணு” என்றாள்.

பந்தயத்தில் தோற்றாயிற்று. தெரிந்த நர்சரிக்காரரை வண்டியோடு வரச்சொன்னேன். அவர் மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இன்னா சார், அத்தினியும் ஒரே மாதிரி கீது?” என்றார். மானமே போயிற்று. நல்லதாக ஒன்றையாவது பொறுக்கி வைத்துக்கொள்ளலாம் என்று குனிந்து குனிந்து பார்த்தேன். வைத்துக்கொள்ளவும் ஒன்று தேறவில்லை, எடுத்துக் கொடுக்கவும் மனசு வரவில்லை. கடைசியில் அவரே ஒவ்வொன்றாகத் தூக்கிப் போனார்.

மூலையில் ஒரு கோணல் செடி மிச்சம். அது இன்னும் மொட்டே வைக்கவில்லை. அதையும் அவர் தூக்கினார்.

“அத மட்டும் வுட்ருப்பா” என்றாள் மனைவி.

எனக்குப் புரியவில்லை. “அதுல ஒரு பூகூட வரலியே, அதப் போயி ஏன்?”

அவள் துவைத்த புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: “முப்பத்தஞ்சு வருஷமா நீயுந்தான் ஒண்ணும் பூக்கல. உன்ன யாருக்குனா தூக்கிக் குடுத்துட்டனா?”

நர்சரிக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். எனக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. புடவையின் ஒரு முனையை வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.