சம்பந்தம் பேசிய கால்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளைப் பெண் பார்க்கத் தேவாரத்திலிருந்து ஜீப்பில் வந்திருந்தார்கள். பையன், அவனுடைய அப்பா, அம்மா. பையன் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் சூப்பர்வைசர்.

காலையிலேயே என் மனைவியின் உத்தரவு: முழுக்கைச் சட்டை.

டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்த இடது கையில் ரத்தக்குழாய் கயிறு மாதிரிப் புடைத்திருக்கும். "பாத்தா ஓடிருவாங்க. பேசி முடியட்டும், பெறகு சொல்லிக்கலாம்" என்றாள். எனக்கும் சரியென்றே பட்டது. என் கிட்னியே என்னிடம் சொல்லாமல்தானே போனது...

கையை மறைத்தாயிற்று. காலை எப்படி மறைப்பது?

காபி வந்ததும் ஆரம்பித்தது. முழங்காலுக்குக் கீழே, தோலுக்கு உள்ளே, எறும்புச் சாரை. ஆட்டினால் அடங்கும், நிறுத்தினால் ஊரும். டயாலிசிஸ் செய்கிற பலருக்கு இப்படி நரம்பு கெடுமாம். சும்மா உட்கார்ந்தால்தான் அதிகமாகும் என்கிறார் டாக்டர். என்னைப் போன்ற சோம்பேறிக்கு வரவேண்டிய வியாதியா இது?

பையனின் அம்மா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலாட்டாதீங்கண்ணே. வீட்டுக்கு ஆகாது."

நிறுத்தினேன். எறும்பு தொடைக்கு ஏறியது. போன் வந்ததுபோல வாசலுக்குப் போனேன். வந்தேன். மறுபடி போனேன்.

பையனின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க பேச்சு சாருக்குப் புடிக்கல போல. நாங்க கெளம்பவா?"

கதவருகே நின்ற மகளின் முகம் வாடியது. பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

மரியாதை தெரியாதவனா, நோயாளியா... எந்தப் பெயர் எடுப்பது? சட்டைக் கையைச் சுருட்டினேன்.

"டயாலிசிஸ் ஓடுதுங்க. அதுல கால் நரம்பும் கெட்டிருக்கு. உக்காந்தா ஊருது, நடந்தா அடங்குது. வேணும்னு செய்யல."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். பையனின் அப்பா என் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். போச்சு, ஜீப்புக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப எதுக்கு உக்காந்து பேசணும்? வாங்க, நடந்துக்கிட்டே பேசுவம்."

கோயிலா மண்டபமா, ஆவணியா தையா — தெருக்கோடிக்கும் வீட்டுக்கும் நடந்தே பேசி முடித்தோம். ஒரு குடும்பம் கூடி மறைத்ததை ஒரு கால் உளறிவிட்டது, காரியமும் கெட்டுப்போகவில்லை.

வீட்டு வாசலில் கேட்டார். "வேற எதும் மறைச்சிருக்கீங்களா, சம்பந்தி?"

"பத்திரிகையில வாராவாரம் பத்தி எழுதுறேன்."

அவர் நடை நின்றுவிட்டது.

"பொண்ணு எழுதாதுல்ல?"