காரில் ஏறாத நங்கையா

"ஏனுங்க, கம்பெனி நல்லா ஓடுதுங்களா?"

ஒரு நூல் வியாபாரி என் அண்ணனிடம் இப்படிக் கேட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கம்பெனி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு ஷிப்ட் பார்க்கும் பனியன் கம்பெனி. ஆனால் அன்று காலையில் பல்லடம் போகும் வழியில் அண்ணனின் மனைவி சைக்கிள் மிதித்துப் போனதை அந்த வியாபாரி கண்ணால் பார்த்திருந்தார். முதலாளி வீட்டுப் பெண் சைக்கிளில் போனால் திருப்பூரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: காரை விற்றுவிட்டார்கள்.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கையா என்று கூப்பிடுவோம். என் நங்கையாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கம்பெனியில் பேக்கிங் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு. சைக்கிள் பழக்கம் என்னிடமிருந்து அவருக்கு வந்தது. நான் வேறொரு கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். நாள் முழுக்க டியூப்லைட் வெளிச்சத்தில் துணியில் ஓட்டை தேடுகிற வேலை. காலையில் கொஞ்ச நேரமாவது கண் தூரத்தைப் பார்க்கட்டும் என்று ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். என் வீட்டுக்காரர் எதையும் தடுக்கமாட்டார், எதற்கும் துணைக்கு வரவும் மாட்டார். நங்கையாதான் வந்தார். வந்த முதல் வாரமே கடைக்குப் போய்த் தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

பல்லடத்தைத் தாண்டிப் பொங்கலூர்ப் பக்கம் திரும்பிவிட்டால், வாய்க்கால் கரையோடு சின்னச் சின்ன ரோடுகள் கிளை பிரிந்து போகும். அதில் பஸ் வராது. விசைத்தறிச் சத்தம் கொஞ்ச தூரம் கூடவே வந்து நின்றுவிடும். கோழிப்பண்ணை நாற்றம் அதற்கப்புறமும் வரும். அதையும் கடந்தால் சோளக்காடும் காற்றாலைகளும் மட்டும்தான். அந்த ரோட்டில் நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் சைக்கிளை விட்டுக்கொண்டு எவ்வளவோ பேசியிருக்கிறோம். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்து இத்தனை வருஷத்தில் நங்கையா என்னிடம் சமையலைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது.

நூல் வியாபாரி கேட்டுவிட்டுப் போன மறுநாள், நங்கையாவின் சைக்கிள் கார் ஷெட்டில் இல்லை. அண்ணன் அதைக் கம்பெனி குடோனில் கட்டிங் வேஸ்ட் மூட்டைகளுக்குப் பின்னால் போட்டுப் பூட்டியிருந்தார்.  காலை ஷிப்டுக்கு ஆட்கள் உள்ளே வருகிற நேரமாகப் பார்த்து நங்கையா கம்பெனிக்குப் போனார். வாட்ச்மேனிடம் சாவி கேட்டார்.

"முதலாளி குடுக்க வேண்டாம்னு சொல்லியிருக்காருங்கம்மா."

"சரிங்க. அப்ப நீங்க குடுக்க வேண்டாம். நானே எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார்.

பின்பக்கம் ஒரு வழி இருந்தது. அதில் வரவில்லை. தெக்கத்திப் பெண்களும் வடநாட்டுப் பெண்களும் சாப்பாட்டுத் தூக்குகளோடு வந்துகொண்டிருந்த முன் கேட் வழியாக, கூட்டத்துக்கு எதிராகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அத்தனை பேரும் வழிவிட்டு நின்று பார்த்தார்கள். ரோட்டுக்கு வந்து ஏறி மிதித்தார். அன்று சாயந்தரம்தான் என்னிடம் கேட்டார்:

"அம்மிணி, கடலோரமா சைக்கிள் விடலாமா? நம்ம ஊர்த் தண்ணியெல்லாம் நொய்யல்ல போயி, காவேரில சேந்து, பூம்புகார்ல கடலுக்குப் போகுதாமா. நான் அங்கெல்லாம் பாத்ததே இல்ல."

மாசி மாதத்தில் கிளம்பினோம். எதையும் ஒளிக்கவில்லை. "பூம்புகார்ல இருந்து நாகப்பட்டினம் வரைக்கும் சைக்கிள்ல போறோங்க" என்று நங்கையா அண்ணனிடம் நேரடியாகவே சொன்னார். அண்ணன் நம்பவில்லை. கோயில் பார்த்துவிட்டு வருவார்கள் என்று நினைத்துக்கொண்டார். சைக்கிள்களை முன்கூட்டியே மயிலாடுதுறைக்குப் பார்சலில் அனுப்பிவிட்டு, நாங்கள் ரயிலில் போய் எடுத்துக்கொண்டோம்.

அங்கிருந்து காவிரிக் கரையோரமாகவே பூம்புகாருக்கு வந்தோம். எங்கள் பக்கத்து மேடு பள்ளத்தில் மூச்சு வாங்கிப் பழகிய கால்களுக்கு அந்தச் சமதரை விளையாட்டு மாதிரி இருந்தது. இருபுறமும் அறுத்த வயல்கள், வாத்துக் கூட்டம், ஊருக்கு ஒரு குளம். பூம்புகாரில் கப்பல்கள் வந்து நின்ற துறைமுகம் இருந்தது என்கிறார்கள். எல்லாவற்றையும் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆறு கடலில் சேருமிடத்தில் நங்கையா புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி நின்றார். நொய்யலில் கலக்கிற எங்கள் ஊர்ச் சாயப்பட்டறைச் சாயம் எதுவும் தெரியவில்லை என்றார். சிரித்தோம்.

தங்க இடம் தேடியபோதுதான் சிக்கல். லாட்ஜ் மேனேஜர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "ஜென்ட்ஸ் யாரும் கூட வரலையா?"

"ஜென்ட்ஸ் எதுக்குங்க? கட்டில் தூக்கிப் போடறதுக்குங்களா?" என்றார் நங்கையா.

"அது இல்லம்மா. லேடீஸ் தனியா வந்தா ரூம் குடுக்குறதில்ல."

நங்கையா அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. "ரூம் இல்லைன்னு சொல்லுங்க, எந்திரிச்சுப் போயர்றோம். ஜென்ட்ஸ் இல்லைன்னு சொன்னீங்கன்னா, போகமாட்டோமுங்க."

 மேனேஜர் போனை எடுத்தார், வைத்தார், வெளியே போய் வந்தார். நங்கையா அசையவில்லை. கடைசியில் சாவி வந்தது. "வீட்டு நம்பராவது குடுங்க" என்று கேட்டபோது நங்கையா தயங்காமல் அண்ணன் நம்பரைக் கொடுத்தார். மேனேஜர் அந்த நம்பருக்கு அப்போதே பேசியிருக்கிறார் என்பது எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் தரங்கம்பாடிக்குக் கிளம்பினோம். பெரிய ரோடு மேற்கே தள்ளிப் போகிறது. லாரிகள் போகட்டும் என்று அதை விட்டுவிட்டு, வானகிரி வழியாக மீனவக் கிராமங்களை ஒட்டிய ஒற்றை ரோட்டில் போனோம். சவுக்குத் தோப்புக்குள் நுழைந்தால் கடல் சத்தம் மட்டும் கேட்கும். வெளியே வந்தால் இறால் குட்டைகள். எதிர்காற்று பலமாக இருந்ததால் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு மாறி மாறி முன்னே போனோம். ஒரு ஊரில் ரோட்டின் பாதியை அடைத்துக் கருவாட்டுக்கு மீன் காயப்போட்டிருந்தார்கள். அந்த இடத்தை எட்டுவதற்குச் சற்று முன்புதான் பின்னாலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது.

அண்ணன். நடுராத்திரியே திருப்பூரை விட்டுக் கிளம்பி, லாட்ஜில் வழி விசாரித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். வெள்ளைச் சட்டை கசங்கியிருந்தது.

"ஏறு காருல" என்றார் நங்கையாவிடம். "லாட்ஜ்காரன் போன் பண்ணி, உங்க ஊட்டுப் பொம்பளைங்க இங்க தனியா வந்திருக்காங்கங்கறான். எனக்கு எப்படியிருக்கும்?"

"நான் உங்ககிட்டச் சொல்லிட்டுத்தானுங்க வந்தேன்."

"ஊருக்குள்ள நான் தலை நிமுந்து நடக்க வேண்டாமா?"

"நடங்க. நான் சைக்கிள்ல வர்றேன்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, நீயாவது சொல்லு." சின்ன வயதிலிருந்து அண்ணன் சொல்லி நான் மறுத்ததே இல்லை. "சொல்லமாட்டேனுங்கண்ணா. நானும் ஏறமாட்டேன்" என்றேன். சொல்லிவிட்டுப் பெடலில் காலை வைத்தேன். 

நாங்கள் மிதித்தோம். கார் ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்தது. மீன் காய்ந்த இடத்தில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரமாகக் கடந்தோம். கார் நின்றுவிட்டது. அங்கே காவலுக்கு உட்கார்ந்திருந்த மீனவப் பெண் எழுந்திருக்கக்கூட இல்லை.

"கொஞ்சம் எடுத்துக்கிட்டீங்கன்னா போயிருவேனுங்க" என்றார் அண்ணன்.

"காஞ்சாத்தான் எடுப்பேன். திருப்பிக்கிட்டு மெயின் ரோட்டால போ." பிறகு அந்தப் பெண் எங்களைப் பார்த்தார். "எந்த ஊரும்மா நீங்க? யாரு வெரட்டுறா இப்படி?"

"யாரும் வெரட்டலீங்க" என்றார் நங்கையா. "நாங்களாத்தான் போறோம்."

திருப்ப இடமில்லாமல் கார் ரிவர்ஸிலேயே போகிற சத்தம் வெகு நேரம் கேட்டது. நாங்கள் அவசரப்படவில்லை. வழியில் இளநீர் குடித்தோம். தரங்கம்பாடியின் பழைய நுழைவாயிலுக்குள் புகுந்து, தேவாலயங்களைக் கடந்து கோட்டைக்கு முன்னால் போய் நின்றபோது, அண்ணன் கடலைப் பார்த்து ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். டேனிஷ்காரர்கள் கட்டிய அந்தக் கோட்டையை அவர் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. எங்களுக்கு டீ வாங்கி வந்தார். சண்டை போட அவருக்குத் தெம்பு இல்லை.

"பாத்தாச்சில்ல? இங்கியே முடிச்சுக்கலாம்" என்றார்.

"நாகப்பட்டினம் போயிட்டுத்தானுங்க வருவோம்."

"நான் போயர்றேன் அப்ப."

"பாத்துப் போங்க. தூக்கம் வந்தா ஓரமா நிறுத்திக்குங்க." நங்கையா இதைக் கோபத்தில் சொல்லவில்லை. உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். அதுதான் அண்ணனுக்கு இன்னும் வலித்திருக்கும். அவர் காரை எடுத்துக்கொண்டு போனார். வெறும் சீட்டோடு கார் திரும்புவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நங்கையா டீ டம்ளரைக் கடையில் கொடுத்துவிட்டு வந்து சைக்கிளில் ஏறிவிட்டார்.

காரைக்காலைத் தாண்டி நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தோம். முதுகு வெந்து, கை மரத்துப்போய்ச் சேர்ந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். கடைசிப் பகுதியில் பெரிய ரோட்டுக்கு வராமல் முடியவில்லை. லாரிக் காற்றில் இரண்டு முறை நான் ரோட்டை விட்டு இறங்கினேன். நங்கையா இறங்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு அண்ணன் பல நாள் எங்கள் இருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது பேசுகிறார். சைக்கிளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை. இனியும் பிடிக்காது. காங்கேயத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் சொந்தக்கார அம்மா ஒருவர் நங்கையாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வயசுல இதெல்லாம் தேவைங்களா?" என்று கேட்டார். "இந்த வயசுலதானுங்க தேவை" என்று நங்கையா இலையைப் பார்த்தபடியே சொல்லிவிட்டு ரசம் கேட்டார். பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்கும் அது கேட்டிருக்கும். அவர் தலையைத் தூக்காமல் இலையில் இருந்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.