டார்லாவின் இரண்டு தட்டுகள்

டார்லா குச்சேராவின் மேசையில் இரண்டு தட்டுகள் இருக்கும். ஒன்றில் ‘நம்மாள்’, மற்றதில் ‘நம்மாள் இல்லை’. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் வக்கீல்கள் மீது வரும் புகார்களை முதலில் பிரிப்பவள் அவள். பக்கத்து மேசைக்காரன் நான், பதினாறு வருடமாகப் பார்க்கிறேன். வக்கீல் தப்பு செய்தாரா என்பது அவள் கவலை இல்லை. அவர் நம் நீதிமன்றத்தின் கைக்கு எட்டுகிறவரா, அதுதான் கேள்வி.

எட்டாது என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். பக்கத்து மாநிலமான அயோவாவிலிருந்து ஒரே ஒரு வழக்குக்கு அனுமதி வாங்கி வந்தவர் தொலைபேசியில் குதித்தார்.

“நான் உங்க ஊர்க்காரனே இல்லம்மா!”

“வழக்கு எங்க ஊருதானே ஐயா,” என்றாள் டார்லா.

தற்காலிக நீக்கத்தில் இருந்த இன்னொருவர், “இப்ப நான் வக்கீலே இல்லையே, என்னை எப்படி விசாரிப்பீங்க?” என்று வாதாடினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டார்லா தேநீரை ஊதிக் குடித்தாள்.

போன ஏப்ரலில் ஒரு கவரைப் பிரித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். புகார் எல்டன் ப்ரோஹாஸ்கா மேல். டார்லாவின் விவாகரத்தில் அவள் வீட்டை அவளுக்கே மீட்டுக் கொடுத்த வக்கீல். மனைவி லீனா படுக்கையில் விழுந்ததும் உரிமத்தை ஓய்வு நிலைக்கு மாற்றிக்கொண்டார். லீனா இறந்து இரண்டு வருடமாகிறது. ஆனாலும் அக்கம்பக்கத்தார் அவரை விடவில்லை. ஒரு தட்டு கொலாச்சி என்ற இனிப்பு ரொட்டியோடு வந்து, சமையலறை மேசையிலேயே உயில் எழுதி வாங்கிப் போவார்கள். உயிலால் பயன் பெறுகிறவரைச் சாட்சியாக வைக்கக் கூடாது; அப்படி ஒருவரின் உயிலில், அவருடைய நிலம் பெறப்போகும் மகளையே சாட்சியாகக் கையெழுத்துப் போடவைத்துவிட்டார் மனிதர். அந்த வீட்டு மகன் புகார் எழுதிவிட்டான்.

“ஓய்வு வாங்கின மனுஷன். அந்தப் பக்கத் தட்டுல போட்டுடேன், யார் கேக்கப்போறா?” என்றேன். வெட்கமில்லாமல்தான் சொன்னேன்.

“ஓய்வு வாங்கினவங்களும் நம்மாள்தான். உனக்கே தெரியும்.”

‘நம்மாள்’ தட்டில் போட்டாள். அவர் தன் வக்கீலாக இருந்தவர், இனி இதைத் தொடமாட்டேன் என்று குறிப்பு எழுதிக் கோப்பை என்னிடம் தள்ளினாள். “இனிமே என் முகத்துல முழிக்கமாட்டார்,” என்றாள். கண் கலங்கியிருந்தது.

நான் வழக்கமான முறையில் கடிதம் அனுப்பினேன். பத்தாம் நாள் எல்டன் டை கட்டிக்கொண்டு நேரில் வந்தார். தப்பை ஒப்புக்கொண்ட பதிலை என்னிடம் கொடுத்துவிட்டு டார்லாவிடம் போனார். அவள் எழுந்து நின்றாள்.

“நான்தான் எல்டன் உங்களை இந்தத் தட்டுல போட்டேன். மன்னிச்சிடுங்க.”

“அதை விடும்மா. இதைப் படி.” நாங்கள் அனுப்பிய கவரை நீட்டினார்.

“வழக்கறிஞர் எல்டன் ப்ரோஹாஸ்கா,” என்று வாசித்தாள்.

“கொலாச்சி குடுத்து வேலை வாங்கினவன் எவனும் இப்படிக் கூப்பிடல. லீனா போனப்புறம் இதுதான் முதல் தடவை.” கவரை மடக்காமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

எச்சரிக்கைக் கடிதத்தோடு விஷயம் முடிந்தது. அந்தக் கடிதத்துக்கு நான் முகவரி அடிக்கும்போது டார்லா என் பின்னால் வந்து நின்றாள். முதல் வார்த்தை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனாள்.