அமல்ராஜ் வண்டியின் முன் சீட்டு

என் சகலை அமல்ராஜ் குவைத்தில் இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் டிரைவராக இருந்தவர். நாலு சக்கரமும் இழுக்கும் பெரிய வண்டி அது. குளிர்காலம் வந்தால் அந்த வீட்டுக் குடும்பம் பாலைவனத்தில் போய்த் தங்கும். வண்டியை மணலில் ஏற்றி இறக்குவது, கூடாரம் அடிப்பது, டீ போட்டுக் கொடுப்பது எல்லாம் இவர் வேலை. வீட்டு அம்மாவும் பிள்ளைகளும் பின்னால்தான் உட்காருவார்கள். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு எப்போதும் காலியாகவே வரும். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற மற்றவர்கள் தங்கத்தைப் பற்றியோ வெயிலைப் பற்றியோ பேசுவார்கள். இவர் மட்டும் அந்தக் காலிச் சீட்டைப் பற்றிப் பேசிக் கழுத்தை அறுப்பார்.

"அது மாதிரி ஒரு வண்டி வாங்கி, பக்கத்துல செங்கோல உக்கார வச்சு, பனி கொட்டுற ஊரு வரைக்கும் ஓட்டிப் போயிரணும் சகலை. அப்பறம் செத்தாலும் சரி" என்பார். செங்கோல் என்பது அவர் மனைவி செங்கோல்மேரி. என் வீட்டுக்காரியின் அக்கா. எனக்கு மதினி.

இப்படிப் பேசுகிறவர்கள் எல்லாம் கடைசியில் வீட்டுக்கு மேல்மாடி கட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள் என்பது என் அனுபவம். கீரனூரில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். அந்த மேல்மாடிகளால்தான் என் பிழைப்பு ஓடுகிறது. ஆனால் அமல்ராஜ் போன ஈஸ்டருக்குச் சொந்த ஊரான ஆவூருக்கே திரும்பி வந்தார். வந்த சூட்டோடு திருச்சிக்குப் போய் வண்டிக்குப் பதிவு செய்துவிட்டார். எனக்கு ஒரு மாடி நஷ்டம்.

வண்டி எடுக்கிற அன்றைக்கு எல்லோரும் ஷோரூமுக்குப் போனோம். நாங்கள் பஸ்ஸில் போனோம். மதினியும் எங்களோடு பஸ்ஸில்தான் வந்தார். அங்கே வண்டிக்குப் பட்டுத்துணி போர்த்தி வைத்திருந்தார்கள். கேக் வெட்டச் சொன்னார்கள். அட்டையில் செய்த ஆளுயரச் சாவி ஒன்றைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். வண்டி பச்சை நிறம், என் மொபெட்டை உள்ளே நிறுத்தலாம் போல அவ்வளவு பெரிசு. விற்பனைப் பையன் சின்ன கியர் ஒன்றைக் காட்டி, மலையில் செங்குத்தாக ஏறும்போது இதைப் போடுங்கள் சார், வண்டி ஆமை வேகத்தில் போகும், ஆனால் நிற்காது என்றான். அமல்ராஜ் குவைத் மணலையே பார்த்தவர். இருந்தாலும் புது மாப்பிள்ளை மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

பிறகு இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறு செங்கோலு" என்றார்.

மதினி இரண்டு எட்டு பின்னால் வைத்தார். "நான் வேளாங்கண்ணிக்கு நடந்து வாரேன்னு வேண்டியிருக்கேங்க. அத முடிக்கிற வரைக்கும் இந்த வண்டியில ஏற மாட்டேன்."

என்ன வேண்டுதல் என்று கேட்டதற்கு, வெளியே சொல்லக் கூடாது என்றார். மாதா பெயரைச் சொன்ன பிறகு யார் என்ன பேச முடியும்? அவர் எங்களோடு பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து ஊர் திரும்பினார். அமல்ராஜ் வண்டியை ஓட்டி வந்தார். கூடப் போன மகள் ஸ்வீட்டியை முன்னால் உட்கார விடவில்லை. காலேஜில் படிக்கிற, லைசென்ஸும் எடுத்துவிட்ட பெண், பின் சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்து, வாடகைக்காரில் வந்த மாதிரி இருந்தது என்று அன்றைக்கெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

வேளாங்கண்ணி கொடியேற்றம் ஆகஸ்ட் கடைசியில். அதுவரை என்ன செய்வது? வண்டியைச் சுற்றுலாவுக்குத் தயார் செய்கிறேன் என்று இறங்கினார் அமல்ராஜ். கோயம்புத்தூருக்குப் போய் வந்தார். கூரைமேல் விரிகிற கூடாரம் வந்தது. பக்கவாட்டில் இழுத்தால் பந்தலாகிற துணி வந்தது. வண்டிக்குள் வைக்கும் ஃபிரிட்ஜ், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, காற்றடிக்கும் மிஷின் எல்லாம் வந்தன. என்ஜினுக்கு மூச்சுவிட மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் ஒன்றும் வந்தது. கழுத்தளவு தண்ணீரிலும் வண்டி போகுமாம். எங்கள் பக்கம் கண்மாயில் கழுத்தளவு தண்ணீர் வந்தால் நாங்கள் வண்டியை இறக்க மாட்டோம், நன்றிப் பூசை வைப்போம். தெருவில் பாதிப் பேர் அது உள்ளே சமைக்கிற அடுப்புக்குப் புகைபோக்கி என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

முன்பக்கம் கம்பி வடம் சுற்றிய இழுவை மிஷின் ஒன்றும் பொருத்தினார். பள்ளத்தில் மாட்டினால் வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொள்ளும். மறுவாரமே பக்கத்துத் தோட்டத்து இருளாண்டி வந்து நின்றார். அவர் போர்வெல்லில் மோட்டார் சிக்கிக்கொண்டதாம். அமல்ராஜ் போய் வடத்தைக் கட்டி மோட்டாரை உருவிக் கொடுத்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சுற்றுப்பட்டில் யார் மோட்டார் சிக்கினாலும் ஆள் வந்தது. காஷ்மீருக்குப் போக வேண்டிய வண்டி காடு காடாக மோட்டார் தூக்கியது. காற்றடிக்கும் மிஷினுக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிள் கூட்டம். கூடாரத்தில் ஏறிப் பார்த்த அந்தோணிமுத்து உபதேசியார், கோயில் வேலையெல்லாம் மறந்து அங்கேயே தூங்கிப்போனார்.

ஆனால் அமல்ராஜுக்கு மனசெல்லாம் அந்த ஒரு சீட்டில்தான் இருந்தது. அதற்குத் தனி உறை, கழுத்துக்குத் தலையணை, காலுக்குச் சின்னப் பலகை, எதிரே மூன்று விதமான வாசனைப் புட்டிகள். ஒவ்வொன்றுக்கும் மதினியைக் கூப்பிட்டு எந்த நிறம், எந்த வாசனை என்று கேட்பார். மதினி ஓர் ஆள் தூரம் தள்ளி நின்று ஊதா என்பார், மல்லிகை என்பார். தலையைக்கூட உள்ளே நீட்ட மாட்டார். வேண்டுதல் என்றால் இவ்வளவு கறாரா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. என் வீட்டுக்காரியிடம் கேட்டால், ஒங்க வேலையப் பாருங்க என்று வாயை அடைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் வந்தது. ஆவூரிலிருந்து வருஷா வருஷம் காவி கட்டி ஒரு கூட்டம் நடந்து போகும். உபதேசியார் கொடி பிடித்து முன்னே போவார். மூட்டை முடிச்சும் மாதா சுரூபமும் வாடகைக் குட்டியானை வண்டியில் பின்னே வரும். இந்த வருஷம் எதற்கு வாடகை, நம்ம அமல்ராஜ் வண்டிதான் இருக்கிறதே என்று கூட்டம் கூடிப் பேசிவிட்டார்கள். அவரும் சரி என்றுவிட்டார். மனைவி நடக்கிற பாதையெல்லாம் பின்னால் போகலாம் அல்லவா? எனக்கு முழங்கால் வலி. அதனால் மூட்டைகளோடு மூட்டையாகப் பின் சீட்டில் இடம் கிடைத்தது.

புறப்படும்போதுதான் சிக்கல். சுரூபத்தைக் கூரைமேல் வைக்கலாம் என்றால் அங்கே கூடாரம். பின்னால் மூட்டைகளோடு மாதாவை வைக்க உபதேசியார் சம்மதிக்கவில்லை. காலியாக இருந்த ஒரே இடம் அந்த முன் சீட்டு. நாலு மாதமாக மகளுக்கே தராத சீட்டை மாதாவுக்குத் தர மாட்டேன் என்று எந்தக் கிறிஸ்தவன் சொல்லுவான்? அமல்ராஜ் ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு அவரே சுரூபத்தைத் தூக்கி ஊதா உறைமேல் வைத்தார். வண்டியைக் கிளப்பியதும் கீங் கீங் என்று கத்த ஆரம்பித்தது. சீட்டில் கனம் இருந்தால் பெல்ட் போடச் சொல்லிக் கத்துமாம். மாதாவுக்குப் பெல்ட்டை மாட்டிவிட்ட பிறகுதான் வாயை மூடியது.

கீரனூர், கந்தர்வக்கோட்டை, தஞ்சாவூர் என்று நடை போனது. மலை ஏறுவதற்கென்று விற்பனைப் பையன் காட்டிய அந்தச் சின்ன கியரைப் போட்டு, தார் ரோட்டில், நடக்கிற பெண்களின் குதிகாலுக்குப் பின்னால் ஊர்ந்தார் அமல்ராஜ். பின்னால் வந்த பஸ்காரர்கள் எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டுப் போனார்கள். பொழுதுக்கும் ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் தண்ணீர் போனது. கால் கொப்பளித்தவர்கள் என் மடிமேல் ஏறி உட்காராத குறை. உச்சி வெயிலில் பந்தல் துணியை இழுத்துவிட்டு அடுப்பில் டீ போட்டுக் கொடுத்தார். இதற்கு முன்னால் இப்படி ஒரு சொகுசு நடைப்பயணத்தை ஆவூர் கண்டதில்லை.

மதினி மட்டும் முன் வரிசையில், செருப்பில்லாமல், திரும்பிப் பார்க்காமல் நடந்தார். திருவாரூர் தாண்டியதும் அவர் கால் வீங்கியிருந்தது எங்களுக்கே தெரிந்தது. அமல்ராஜ் கண்ணாடி வழியாக அந்தக் காலையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். ஒரு தடவை என்னிடம், எனக்காகத்தான் ஏதோ வேண்டியிருக்கா, என் சுகருக்கோ என்னமோ, என்று சொன்னார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

வேளாங்கண்ணியில் கொடியேற்றம் முடிந்து, மெழுகுவர்த்தி ஏற்றி, மதினி வெகு நேரம் முழங்காலில் இருந்தார். மறுநாள் காலை கூட்டமெல்லாம் பஸ் ஏறிவிட்டது. சுரூபத்தை உபதேசியார் மடியில் வைத்துக் கொண்டுபோனார். நானும், கூட்டத்தோடு நடந்து வந்த என் வீட்டுக்காரியும் ஸ்வீட்டியும் பின் சீட்டில் உட்கார்ந்தோம். அமல்ராஜ் தலைக்குக் குளித்துப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கதவைத் திறந்து பிடித்தார். மதினி சிலுவை போட்டுக்கொண்டு ஏறினார்.

அந்த மனுஷன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஏசியை முழுசாக வைத்தார். மாதா பாட்டுப் போட்டார். மூன்று வாசனையையும் திறந்துவிட்டார். கண்ணாடியெல்லாம் ஏற்றிக்கொண்டு வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. இடது பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தே ஓட்டினார். நாகப்பட்டினம் இன்னும் வரவில்லை. மதினி ஊதாத் தலையணையைத் தள்ளிவிட்டு, கதவைத் திறக்கத் தெரியாமல் தடவி, கடைசியில் காலுக்கு வைத்த பலகைமேலேயே வாந்தி எடுத்துவிட்டார்.

வண்டியை ஓரம் கட்டினார். மதினி ரோட்டோரம் குந்தி உட்கார்ந்து மிச்சத்தையும் எடுத்தார். தண்ணி மாறினது ஒத்துக்கவில்லையா, நேற்றுச் சாப்பிட்ட மீனா என்று அமல்ராஜ் தலையைப் பிடித்துக்கொண்டு கேட்டபடி இருந்தார்.

என் வீட்டுக்காரிதான் உடைத்தாள். "அக்காவுக்குக் காருன்னாலே அப்பிடித்தான் மச்சான். சின்னதுல இருந்தே. கதவச் சாத்துனா கொமட்டிரும்."

அமல்ராஜ் மதினியைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, இருக்கிற நாலு வாரத்தில் டவுன் பஸ்ஸில் அங்கே இங்கே போனதோடு சரி. மனைவியோடு ஒரு காரில் சேர்ந்து போகிற வாய்ப்பே அவருக்கு அமையவில்லை. இது அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

மெதுவாகக் கேட்டார். "அப்ப, ஏர்போர்ட்டுக்கு நீ வராததெல்லாம்?"

அது எனக்கும் தெரிந்த சங்கதிதான். ஒவ்வொரு தடவை அவர் திருச்சியில் வந்து இறங்கும்போதும், வேன் பிடித்து நாங்கள் அத்தனை பேரும் போவோம். மதினி மட்டும் ஆடு கிடக்கிறது, சோறு ஆக்க வேண்டும் என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். அடுத்தவன் பெண்டாட்டி மாலையோடு வந்து நிற்கிறாள் என்று அவர் என்னிடம் குறைப்பட்டதுண்டு.

மதினி முந்தானையால் வாயைத் துடைத்தார். "ரெண்டு வருசங் கழிச்சுப் பாக்குற மனுசன். ஒங்க முன்னாடி வாயெல்லாம் வாந்தியோட வந்தா நிக்கிறது?"

"சொல்லியிருக்கலாம்ல?"

"போன்ல இதையாங்க பேசுவாக? வண்டி வாங்கப் போறேன், ஒன்னய முன்னாடி உக்கார வைப்பேன்னு அன்னக்கிச் சொன்னீகளே, அந்தக் கொரலக் கேட்டப்பறம் எனக்குச் சொல்ல வாய் வரல. அதான் மாதாகிட்ட, நடந்து வாரேன் தாயே, இந்தக் கொமட்டல மட்டும் எடுத்துரு, எங்க வீட்டுக்காரரு பக்கத்துல நான் உக்காந்து போகணும்னு வேண்டிக்கிட்டேன்."

சுகருக்கு வேண்டியதாக நினைத்திருந்தவர், ரோட்டோரத்தில் லாரிகள் போக வர, புதுச் சட்டையோடு குந்தி உட்கார்ந்து அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. நான் பாட்டுக்குப் பலகையைக் கழுவப் போய்விட்டேன்.

பிறகு எழுந்து சாவியை ஸ்வீட்டியிடம் கொடுத்தார். இத்தனை மாதம் முன் சீட்டையே கண்ணில் காணாத பெண் நேரே டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். எங்களை ஊர் கொண்டுவந்து சேர்த்ததும் அவள்தான். நன்றாகவே ஓட்டினாள், ஆனால் வழியெல்லாம் நான் மாதாவை விடாமல் கூப்பிட்டேன். அமல்ராஜும் மதினியும் அங்கேயே கைகாட்டி நிறுத்திப் பஸ் ஏறினார்கள். அவர் சன்னலோரத்தை மதினிக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஊர் வந்த மறுநாள் ஸ்பேனரை எடுத்தார். கோயம்புத்தூர் வரை போய்ப் பொருத்தியதை விட்டுவிட்டு, கம்பெனிக்காரன் பொருத்திய இடது பக்கக் கதவைக் கழற்றினார். கீரனூர் மெக்கானிக் இது போலீஸ் கேஸ் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டதால் தானே கழற்றி, குறுக்கே ஒரு பட்டையைக் கட்டினார். வாசனைப் புட்டிகள் மூன்றும் என் கடைக்கு வந்தன. பெயிண்ட் வாசனைக்கு முன்னால் அதுகள் ஒன்றும் எடுபடவில்லை.

பிறகு சாயங்காலம் தவறாமல் பழக்கம் நடந்தது. முதலில் வீட்டிலிருந்து கோயில் வரை. மதினி இறங்கி நின்று மூச்சு வாங்கிக்கொள்வார். சில நாள் வாந்தி எடுப்பார், சில நாள் தப்பிப்பார். முடியாத அன்றைக்கு அவர் நடந்து வர, பின்னாலேயே சின்ன கியரில் வண்டி வரும். அப்புறம் இருளாண்டி தோட்டம் வரை. அப்புறம் ஒரு நாள் கீரனூரில் என் கடை வாசலில் வந்து நின்றார்கள். ஊரில் சிரிக்காதவர் கிடையாது. நானும் சிரித்தேன், ஆனால் அவர்கள் திரும்பிப் போகும்போது கல்லாவை விட்டு எழுந்து ரோடு திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன வாரம் வாடிக்கையாளர் ஒருவருக்கு நிறம் கலக்கிக் கொண்டிருந்தபோது போன் வந்தது. காற்று இரைச்சலில் முதலில் ஒன்றும் புரியவில்லை.

"சகலை, கந்தர்வக்கோட்டை வந்துட்டோம்" என்றார் அமல்ராஜ். எத்தனை இடத்தில் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். ஒரு இடத்திலும் இல்லை என்றார்.

மதினி எங்கே என்று கேட்டேன்.

"பக்கத்துல" என்றார். "பக்கத்துலதான் உக்காந்திருக்கா."