கோப்பி மணத்துக்குப் பின்னால்

எனக்கு மணம் தெரியாது.

சொல்லிவிட்டேன்! மல்லிகைப் பூவும் மீன் செதிலும் என் மூக்குக்கு ஒன்றுதான். எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த அந்த வருடம் எனக்கும் காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பு தெரியும், புளி தெரியும், உறைப்பு தெரியும். மணம் மட்டும் இல்லை.

இதில் என்ன குற்றம் என்று நீங்கள் கேட்கலாம். மூக்குப் போனது குற்றமில்லை. போனதை ஒருவருக்கும் சொல்லாமல், இந்தச் செத்த மூக்கால் ஒரு வண்டியை மணந்து பார்த்து, நல்லது என்று தீர்ப்புச் சொன்னேன். அதை நம்பி என் மகளும் மருமகனும் பேத்தியும் வீட்டைக் கைவிட்டு அந்த வண்டிக்குள் குடிபோனார்கள்... அதுதான் குற்றம். இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் தமிழ்க் கடைத்தெரு லா சப்பலில் என்னைப் பின்னால் "மூக்குப் பவளம்" என்பார்கள். முன்னால் "பவளமக்கா". கடையில் கருவாட்டுப் பெட்டி வந்து இறங்கினால், "பவளமக்கா, ஒருக்கா வந்து மணந்து பாருங்கோ" என்று ஆள் அனுப்புவார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். இந்தப் பிரெஞ்சு நாட்டுக் கடிதத்தில் எது மேல், எது கீழ் என்றுகூட மகள் சொன்னால்தான் தெரியும். இந்த ஊரில் ஆட்கள் என்னிடம் வந்து கேட்கிற ஒரே விஷயம் மூக்குத்தான். அதுவும் போய்விட்டது என்று சொன்னால் நான் யார்? மெட்ரோவில் இடம் கேட்கிற இன்னொரு கிழவி!

எப்படிச் சமாளித்தேன் என்கிறீர்களா? பகிடியால்தான்.

கடைக்காரர் கருவாட்டை நீட்டுவார். நான் கண்ணை மூடி, மூக்கைச் சுருக்கி, பெரிதாக ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "முதல்லை நீர் சொல்லும் பாப்பம். கடை வைச்சிருக்கிறீர், உமக்கு ஏதும் தெரியுதோ எண்டு பாக்கிறன்" என்பேன். அவர் மணந்து பார்த்து, "கொஞ்சம் பழசு போலை..." என்று இழுப்பார். "பரவாயில்லை, தேறியிட்டீர்!" என்று முதுகில் ஒரு தட்டு. அவருடைய மூக்கை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேர் வாங்கிக்கொண்டு வருவேன்.

சிரிக்கிறீர்களா? நானும் அப்போது சிரித்தேன்.

பிறகுதான் அந்தக் காம்பிங்கார் வந்தது. வானுக்குள்ளேயே கட்டில், குசினி, கக்கூசு எல்லாம் வைத்த வண்டி. என் மகள் சுகந்தியும் மருமகன் நிமலனும் பியர்ஃபித்தில் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். வேறு வீடு தேடிக் களைத்துப் போனார்கள். நிமலனுக்குக் கம்ப்யூட்டரில் வேலை, எங்கே இருந்தும் செய்யலாம். பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை வண்டியிலேயே குடியிருந்து ஊர் ஊராகப் போவது என்று முடிவு செய்தார்கள்.

"கக்கூசோடை ஓடுற வீடோ? நாங்கள் நாட்டை விட்டு ஓடேக்கை இது கிடைக்கேல்லையே!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பயம். வீடு என்றால் ஓடாமல் நிற்கிறது அல்லவா?

நிமலன் அவசரக்காரர் இல்லை. எத்தனையோ வண்டி பார்த்தார். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது தானே முடுக்கிச் சத்தம் கேட்பார். அடியில் படுத்துத் துரு பார்ப்பார். டயரின் வயது பார்ப்பார். சாமான் எல்லாம் ஏற்றினால் எடை கூடுமா, சாதாரண கார் பெர்மியோடு, அதுதான் லைசென்சோடு, ஓட்டலாமா என்று கணக்குப் போடுவார். கடைசியில் பொபினிக்கு அப்பால் ஒரு பிரெஞ்சுக் கிழவரிடம் இருந்த வண்டி அவருக்குப் பிடித்துப் போனது.

"எஞ்சின் பழுதெண்டா திருத்தலாம் மாமி. டயரை மாத்தலாம். சுவருக்குள்ளை ஈரம் இறங்கியிருந்தா மட்டும் சரிவராது. வெளியாலை ஒண்டும் தெரியாது, பூஞ்சண மணம்தான் காட்டிக்குடுக்கும். ஈரம் பாக்கிற மிஷின் ஒண்டு இருக்காம், வாடகைக்கு எடுப்பமோ எண்டு பாக்கிறன்" என்றார்.

"மிஷின் என்னத்துக்கு? எங்களிட்டை அம்மா இருக்கிறா" என்றாள் சுகந்தி.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது... ஆனால் மகள் என்னைப் பார்த்த பார்வையில் எவ்வளவு பெருமை! பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு தெரியாத தாயென்று வெட்கப்பட்ட பிள்ளை அவள். அந்தப் பெருமையைக் கொஞ்ச நேரம் வைத்திருக்க ஆசைப்பட்டேன். கொஞ்ச நேரம்தான்!

போனோம். கிழவர் நல்ல மரியாதைக்காரர். வண்டிக்குள் அடுப்பை மூட்டிக் கோப்பி வைத்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் குட்டிக் குட்டிக் கோப்பை. வீட்டு வாசலில் மேசை போட்டிருக்க, ஏன் இந்த மனிசன் வண்டிக்குள் கோப்பி காய்ச்சுகிறார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. மூக்குள்ள ஆட்களுக்கல்லவா தோன்றும்! அவர் கெட்ட எண்ணத்தோடு செய்தாரா, உபசாரம்தானா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவரைப் பழி சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை.

நான் வண்டி முழுக்க ஒரு சுற்று வந்தேன். கட்டிலுக்கு மேலே, தட்டுக்குக் கீழே, அலுமாரிக்குள்ளே தலையை விட்டு இழுத்து இழுத்து மூச்சு வாங்கினேன். நாய் தோற்றுப்போகும்!

"சொல்லுங்கோ மாமி."

"முதல்லை நீங்கள் சொல்லுங்கோ தம்பி. உங்களுக்கு என்ன மணக்குது?"

"கோப்பி மணக்குது."

"அது எல்லாருக்கும்தானே மணக்கும். கோப்பிக்குப் பின்னாலை?"

பாவம், அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "ஒண்டும் தெரியேல்லை மாமி..."

"ஓம். ஒண்டும் இல்லை. வாங்குங்கோ."

அவ்வளவுதான். கோப்பியால் அடைபட்ட அவருடைய மூக்கு எனக்குச் சொன்னதை நான் அவருக்குச் சொன்னேன். அவர் என்னை நம்பினார். நான் அவரை நம்பினேன். அந்த வண்டியை ஒருவரும் மணக்கவே இல்லை!

இத்தோடு நிறுத்தினால் அறியாமல் செய்தேன் என்று நீங்கள் விட்டுவிடுவீர்கள். விடாதீர்கள். இன்னும் இருக்கிறது.

அவர்கள் வெளியே கிழவரோடு கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் இறங்க எழுந்தபோது, பிடிமானத்துக்கு அலுமாரிக்குள் பின்சுவரில் கையை ஊன்றினேன். பெருவிரல் பட்ட இடம் உள்ளே அமுங்கியது. தேத்தண்ணிக்குள் தோய்த்த பாண் மாதிரி... எடுத்துவிட்டு மறுபடி அமுக்கினேன். அமுங்கியது.

மூக்குச் செத்தாலும் விரல் சாகவில்லை. எனக்குத் தெரிந்தது!

ஏன் சொல்லவில்லை? வண்டிச் சுவர் இப்படித்தான் மெதுவாக இருக்குமாக்கும் என்று மனதைச் சமாதானப்படுத்தினேன். பொய். தீர்ப்புச் சொன்ன பிறகு மாற்றினால், "அப்ப ஏன் மணக்கேல்லை?" என்று கேட்பார்களே, அந்த ஒரு கேள்விக்குத்தான் பயந்தேன். வெளியே சுகந்தி கை தட்டிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் அலுமாரிக் கதவைச் சாத்தினேன்.

ரூ பஜோல் பிள்ளையார் கோயிலுக்கு வண்டியைக் கொண்டுவந்தோம். பின்னால் வந்த வாகனமெல்லாம் வழி கேட்டுக் கோண் அடிக்க, நிமலன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசித்தார். ஐயர் உள்ளே ஏறிக் கற்பூரம் காட்டினார். "என்ன வாசம் அம்மா!" என்றாள் சுகந்தி. நான் கும்பிட்டேன். "பிள்ளையாரே, உனக்கு என்னைவிடப் பெரிய மூக்கு. நீயாவது மணந்து பார்!" என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் தன் பேர் முக்கியமோ என்னவோ.

வண்டி போய்விட்டது. கடற்கரைப் பக்கம், எந்நேரமும் மழை பெய்கிற ஊர் ஒன்றில் நிறுத்தியிருந்தார்கள். பேத்தி மிதுனா போனில் என்னைக் கண்டால் "மாமி, மாமி" என்று துள்ளுவாள். பிரெஞ்சில் அம்மம்மாவுக்கு மாமி. நிமலனுக்கும் நான் மாமி. தகப்பனும் மகளும் ஒரே சொல்லால் கூப்பிடுகிறார்கள் என்று நான் பகிடி பண்ணுவேன்.

ஒருநாள் அவள் "மா..." என்று தொடங்கிவிட்டு இருமினாள். இருமி முடியவில்லை. சின்ன நெஞ்சு பறவை மாதிரி அடித்துக்கொண்டது.

"என்ன பிள்ளை அது?" என்றேன்.

"தடிமன், சளிதான் அம்மா. விட்டு விட்டு வருது. அலுமாரிக்குள்ளை உடுப்பெல்லாம் ஒரு மாதிரி மணக்குது, ஈரமாக்கும் எண்டு இவர் சொல்றார். நான்தான் சண்டை பிடிச்சனான். அம்மா பாத்துச் சொன்ன வண்டி, இருக்காது எண்டு."

கேட்டீர்களா? உயிருள்ள மூக்கொன்று உண்மையைச் சொல்கிறது. என் செத்த மூக்கு அதன் வாயை அடைக்கிறது!

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கடல் காத்து, பிள்ளை. வெயிலிலை போட்டு எடு." வெட்கம் கெட்டவள்!

அதற்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை. போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். தெருவில் எந்தப் பிள்ளை இருமினாலும் திரும்பிப் பார்த்தேன்.

தேர்த் திருவிழாவுக்கு அவர்கள் வந்தார்கள். பியர்ஃபித்தில் தெரிந்த ஒருவரின் வீட்டு வளவில் வண்டியை விட்டார்கள். நான் ஏறினேன். பிள்ளை மெலிந்திருந்தாள். நேரே அலுமாரியடிக்குப் போய்க் கதவைத் திறந்து, கால் தடுக்கினவள் மாதிரி, என் முழுப் பாரத்தையும் அந்தச் சுவரில் போட்டேன். கை மணிக்கட்டு வரை உள்ளே போய்விட்டது! உள்ளே கறுப்பு. ஊறிய பலகை கையோடு வந்தது.

"ஐயோ அம்மா!" என்று கத்தினாள் சுகந்தி.

நானும் கத்தினேன். அவளைவிடப் பெரிதாக.

கூரை மூட்டிலிருந்து ஒழுக்கு. சுவர் முழுவதையும் கழற்றவேண்டி வந்தது. வண்டி காயும்வரை என் ஒற்றை அறையில் நான்கு பேரும் நெருக்கிப் படுத்தோம். மிதுனாவின் இருமல் மெல்ல மெல்ல அடங்கியது.

"நீங்கள் பாக்கேக்கை இது இருந்திருக்காது மாமி. பிறகு பெய்த மழையாலைதான்" என்று நிமலன் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"இருந்திருந்தா அம்மா அப்பவே பிடிச்சிருப்பா" என்றாள் சுகந்தி.

அவர்கள் என்னை மன்னிக்கவில்லை. மன்னிக்க ஏதோ இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது!

இப்போது வண்டி திருத்தியாகிவிட்டது. மறுபடி புறப்படுகிறார்கள். இந்த முறை நானும் போகவேண்டுமாம். "இனி ஈரம் வந்தா முதல் நாளே அம்மா சொல்லிடுவா" என்று சுகந்தி என் கட்டிலை அந்த அலுமாரிக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறாள்.

நேற்று வண்டிக்குள், திருத்திய பிறகு முதல் சமையல். நான் செத்தல் மிளகாய் தாளித்தேன். கூரையில் புதிதாகப் பூட்டியிருந்த ஒரு வெள்ளைப் பெட்டி வீரிட்டுக் கத்தியது. காஸ் ஒழுகினாலும் புகை வந்தாலும் கத்துகிற பெட்டியாம். பிள்ளை பயந்து என் மடியில் ஏறிக்கொண்டாள். நிமலன் பெட்டியைக் கழற்றிப் பற்றரியை எடுத்து, இரண்டையும் மேசை லாச்சிக்குள் போட்டார்.

"ஒவ்வொரு சமையலுக்கும் இது கத்தும். காஸ் மணந்தா மாமி எழுப்புவா தானே" என்றார்.

ஈரம் என்றால் இருமல். காஸ் என்றால்...? பிள்ளை என் பக்கத்தில் படுப்பாள்!

சொல்லிவிட்டேன். உண்மையாகவே சொல்லிவிட்டேன்.

"எனக்கு மணம் தெரியாது, தம்பி. காய்ச்சலோடை போட்டுது. பெட்டியைத் திரும்பப் பூட்டுங்கோ."

நிமலன் வெடித்துச் சிரித்தார். சுகந்தி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "அம்மாக்கு எந்த நேரமும் பகிடி!"

சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று மூக்கைப் பொத்தினாள். "சீ... பிள்ளை கக்கா போயிருக்கிறாள்! எவ்வளவு நேரமா அம்மா உங்கடை மடியிலை..." பாதியில் நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல இறங்கியது. "அம்மா... உங்களுக்கு மணக்கேல்லையே?"

கதவு திறந்து கிடந்தது. நான் ஓம் என்று தலையாட்டினால் போதும்.

"என்ரை பேத்தியின்ரை எனக்குச் சந்தனமடி!" என்றேன்.

மறுபடி சிரிப்பு. நிமலன் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார். பிள்ளை ஒன்றும் விளங்காமல் கை தட்டியது. நானும் சிரித்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நாக்குப் பழகிவிட்டது.

நாளைக்குப் புறப்படுகிறோம். லாச்சிக்குள் கிடந்த வெள்ளைப் பெட்டியை எடுத்து, பற்றரியைப் போட்டு, என் கைப்பைக்குள் சேலைக்கு நடுவே சுற்றி வைத்திருக்கிறேன். அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கலாம் என்று நினைக்கிறேன். துணிக்குள் இருந்தால் அதற்குக் காஸ் எட்டுமா? தெரியாது. யாரிடம் கேட்பது? கேட்டால், "மாமி, உங்களுக்கென்னத்துக்கு அது?" என்று சிரிப்பார்கள்.