மதுரையா, ஆன்லைனா?

நான் படித்து முடித்ததும், "இனி நான் படிக்கப் போறேன்" என்று அம்மா கிளம்பிவிட்டார். அதுவும் கம்ப்யூட்டர் சயின்ஸ்!

இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தது. ஒன்று முழுக்க ஆன்லைன். இன்னொன்றுக்கு ஞாயிறுதோறும் மதுரைக்குப் போய் வகுப்பில் உட்கார வேண்டும்.

இன்று சேருவதற்காக, அம்மா, நான், அத்தா (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மூவரும் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டருக்குப் போனோம்.

"ஆன்லைனே எடும்மா, வீட்லயே படிக்கலாம்ல," என்றேன்.

"வீட்ல செத்த நேரம் உக்கார விடுவீகளா? பாதிப் பாடத்துல சோத்துக்குத் தொட்டுக்க வெஞ்சனம் எங்கன்னு கேப்பீக. நான் மதுரைக்கே போறேன்."

அத்தா மெதுவாகக் கேட்டார்: "அப்ப ஞாயித்துக்கிழமை பிரியாணி?"

"நீங்க செய்ங்க."

மதுரையிலேயே சேர்ந்தாயிற்று. வெளியே வந்ததும் அம்மா நேராகப் புத்தகப் பை வாங்கக் கடைக்குப் போய்விட்டார்.

சீரகச் சம்பாவுக்கு எவ்வளவு தண்ணீர் என்று அத்தா என்னிடம் கேட்கிறார். எனக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் கமென்ட்டில் வாங்க.